அப்பவே சொன்ன கிட்டு

அப்பவே சொன்னவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கிரிக்கெட்டில் தோற்ற மறுநாள், புதுப் பாலத்தில் விரிசல் விட்ட மறுநாள், எதிர்வீட்டுக் கல்யாணம் நின்றுபோன மறுநாள் இவர்களை எங்கும் பார்க்கலாம். முதல்நாள் தேடிப் பாருங்கள், ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார்.

புனேத் தமிழர்களுக்கு இந்த இனத்தில் வாய்த்தவர் ஹடப்சர் கிட்டு. பிம்ப்ரியில் ஓர் ஆலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சங்கக் கமிட்டியில் நிரந்தரமாக இருப்பவர். வெங்காயம் விலை ஏறியதும், மெட்ரோ வரத் தாமதமானதும் அவர் அப்பவே சொன்னபடிதான். ஆனால் அவர் பெயரை மென்பொருள் கம்பெனிகள் நிறைந்த கராடி வரைக்கும் கொண்டுபோனது இவையெல்லாம் இல்லை, நடிகை சந்திரிகா.

சந்திரிகா, கிட்டுவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த துரைசாமியின் மகள். இரண்டு குடும்பமும் அப்போது பிம்ப்ரியில் ஒரே மாடியில் குடியிருந்தன. பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் கால் நிற்காது. பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தார்கள். நடுவில் இரண்டு வருஷம் வகுப்பு நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு அவளே அழுது அடம்பிடித்துத் திரும்பவும் போனாள். கல்லூரியில் மராட்டி நாட்டுப்புற ஆட்டமான லாவணியும் கற்றுக்கொண்டு, புடவையைக் கச்சம் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். சங்கத்தில் சிலர் முகம் சுளித்தபோது, இது இப்படிப் போகும் என்று அப்பவே சொன்னதாகக் கிட்டு தலையை ஆட்டினார்.

அடுத்த வருஷமே ஒரு மராட்டிப் படத்தில் அவள் ஆடிய ஒரே பாட்டு, ஆட்டோவிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஓயாமல் ஒலித்தது. கிட்டு இப்போதும் அப்பவே சொல்லியிருந்தார். இந்தத் தடவை தலை மேலும் கீழும் ஆடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சில படங்களில் கதாநாயகியாக நடித்தாள். தமிழ்ப் படத்தில் தமிழ்ப் பெண்தான், ஆனால் ‘வடக்கத்தி வாடை அடிக்கிறது’ என்று வேறொருத்தியின் குரலைப் போட்டார்கள். பிறகு ஒரு பாட்டுக் காட்சியில் வழுக்கி விழுந்து முழங்கால் சவ்வு கிழிந்தது. படங்களும் ஓடவில்லை. ஊன்றுகோலோடு புனே திரும்பி அப்பா வீட்டில் உட்கார்ந்தாள். பார்க்கப் போன கிட்டு ஆப்பிளும் கொடுத்து, சினிமா யாரையும் வாழவைக்காது என்று தான் அப்பவே சொன்னதையும் கொடுத்துவிட்டு வந்தார்.

கால் தேறியது. தொடர்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டினாள். நாற்பதை நெருங்கும்போது ஒரு தமிழ் வலைத்தொடரில், வெளியூரிலேயே வளர்ந்த தமிழச்சியாக, மராட்டியும் இந்தியும் கலந்த தன் சொந்தக் குரலில் பேசி நடித்தாள். எந்தக் குரல் வேண்டாமென்றார்களோ அந்தக் குரலுக்கே விருது கிடைத்தது. கிட்டு என்ன சொல்லியிருந்தார் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

விருதுக்குப் பிறகு சங்கம் பொங்கல் விழாவுக்கு அவளைத் தலைமை விருந்தினராக அழைத்தது. அறிமுக உரை கிட்டுவுக்கு. வேறு யாருக்குக் கொடுக்க முடியும்? ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். மனைவி ஸ்ரீவித்யா மட்டும், வந்தவர்களை வரவேற்றுவிட்டு இறங்கிவிடும்படி சொன்னார். பிம்ப்ரி மாடியில் அவரும்தானே குடியிருந்தார்.

விழாவுக்குக் கராடியிலிருந்து மென்பொருள் இளைஞர்கள் திரளாக வந்திருந்தார்கள். முன்வரிசையில் துரைசாமி, வேட்டியின்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்திரிகாவின் அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கிட்டு மைக்கைப் பிடித்தார். பந்தல், பரதம், லாவணி, முழங்கால், விருது எல்லாவற்றையும் கூடவே நின்று நடத்தி வைத்தவர்போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கைதட்டல் ஏறிய வேகத்தில் எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்.

“இவ சின்னப் பொண்ணா இருக்கறச்சயே இவ அப்பாகிட்ட நான் சொன்னேன். அதோ உக்காந்திருக்கார், கேட்டுப் பாருங்கோ.”

இந்த இனத்தில் யாரும் செய்யாத காரியம் இது. எப்போது சொன்னேன் என்பார்கள், யாரிடம் சொன்னேன் என்று சொல்ல மாட்டார்கள். சாட்சி உயிரோடு, அதுவும் முன்வரிசையில் இருக்கும்போது, சத்தியமாகச் சொல்ல மாட்டார்கள்.

சந்திரிகா ஆவலோடு மேடையிலிருந்து குனிந்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி. “என்னப்பா சொன்னாங்க அங்கிள்? எனக்குச் சொல்லவே இல்லையே நீ.”

துரைசாமி வேண்டாமென்று கையை அசைத்தார். யாரோ மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்கள். மகள் மறுபடியும் கேட்டாள். அவருக்குப் பொய் வரவில்லை.

“நாட்டியம் சோறு போடாது, பொண்ணு பேரு கெட்டுப்போவும், கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேத்துடுன்னு சொன்னான். நானும் நிறுத்திட்டேன். கிட்டு மேல தப்பு இல்லம்மா. கேட்டுக்கினது நான்தான்.”

அரங்கில் சிலர் சிரித்தார்கள். சந்திரிகா சிரிக்கவில்லை.

“அந்த ரெண்டு வருஷமா?” என்றாள். “அம்மாதான் நிறுத்திச்சுன்னு நினைச்சிட்டு இருந்தேன்ப்பா. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அம்மாகிட்ட சண்டை போட்டேன்.”

“அது தெரியும் அவளுக்கு. உன் கோவம் எம்மேல திரும்ப வாணாம்னு இருந்துட்டா.”

அவள் மேடையிலிருந்து இறங்கிவந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மைக்கை வாங்கவில்லை. பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை எல்லாம் அந்த நாற்காலிக்கே வந்தன. யாரையும் அவள் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது கிட்டுவுக்கு வணக்கம் சொன்னாள், ஸ்ரீவித்யாவின் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிட்டு ஸ்ரீவித்யாவோடு காரில் ஹடப்சர் திரும்பினார். வரவேற்றுவிட்டு இறங்கச் சொன்னதை நினைவுபடுத்த ஸ்ரீவித்யாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அந்த உரிமையை அவர் பயன்படுத்தவில்லை, அவர் வேறு இனம். கிட்டு, பாவம், அன்றிரவு உண்மையாகவே வெட்கப்பட்டார். கமிட்டியை விட்டு விலகிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். கராடிப் பையன் சபரி, மரியாதையாகத்தான், அன்று நடந்ததைப் பற்றி மெல்ல விசாரித்தான். கிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“தடுத்தாத்தானேப்பா வெறி வரும். வெறி இல்லாம விருது வருமா? யோசிச்சுத்தான் நான் அப்போ வேண்டாம்னேன்.”

சபரி அதை நம்பிவிட்டான் என்று கேள்வி.

இதைப் படிக்கும் நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும், அறிமுக உரை கிட்டுவுக்கு என்று வந்த இடத்திலேயே மனிதர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் அதைச் சொல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.