தொப்பி வைத்த பெயர்கள்

உராகாமே நகராட்சியில் பிறப்புப் பதிவு குறையில்லாமல் நடந்து வந்தது. பதிவு செய்யும் கணினி நிரல், யூனிக்ஸ் இயங்குதளத்தின் வெளிநாட்டு வகை ஒன்றுக்காக எழுதப்பட்டது. அது ஓடிய பழைய இயந்திரம் உயிரை விட்டதும் புதியது வந்தது. அதில் இருந்தது வேறு யூனிக்ஸ். ஆனாலும், வெளிநாட்டு நிரல் சொந்த வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி நாடகம் போடும் வசதி அதில் உண்டு. நிரல் நம்பியது. நகராட்சியும் நம்பியது.

டோஃபு கடை கஜிதானியின் மகள் பெயரைத் தட்டி முடித்த குமாஸ்தா, கடைசியில் தவறி விழுந்துவிட்ட இடைவெளியை எடுக்க அழிக்கும் பட்டனை அழுத்தினார். எதுவும் அழியவில்லை. ஷியோரி என்ற பெயருக்குப் பின்னால் தொப்பி மாதிரி ‘^’ என்ற குறியும் ‘ஹெச்’ எழுத்தும் வந்து உட்கார்ந்தன. சான்றிதழ் அப்படியே அச்சாகி முத்திரையும் விழுந்தது.

அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கணினி அந்தப் பெயரை ஏற்கவில்லை. கஜிதானி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நகராட்சிக்கு ஓடிவந்தார்.

கணினிப் பிரிவிலிருந்த மினெகிஷி கனாயே அரை மணியில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். தான் எந்த வகை டெர்மினலில், அதாவது எந்தத் திரை, விசைப்பலகையோடு ஓடுகிறோம் என்றே நிரலுக்குத் தெரியவில்லை. தன் ஊர்க் கோப்புகளில் தேடி ஏமாந்துபோகிறது. அழிக்கும் பட்டன் அனுப்பும் சைகை ஒன்று, நிரல் எதிர்பார்ப்பது வேறொன்று. இரண்டு வரி எழுதினால் தீரும். அனுமதி கேட்டுப் பிரிவுத் தலைவர் தொகுஹிசாவிடம் போனாள்.

“கோளாறு இயந்திரத்துலயா, நிரல்லயா?”

“ரெண்டுலயும் இல்ல சார். ரெண்டுக்கும் நடுவுல.”

“நடுவுலங்கறதுக்கு நம்மகிட்ட பிரிவே கிடையாதேம்மா.”

ஆகவே ‘இடைப்பகுதி ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. குழுவின் அறிக்கை வரும்வரை ஊழியர்கள் எவ்விதத் தவறும் செய்யலாகாது என்று சுற்றறிக்கை போனது. அந்தப் பதற்றத்தில் எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகத் தவறு செய்தார்கள். குழந்தைக்கு வேறு பெயர் வைக்கலாமே என்று கஜிதானிக்கு யோசனையும் சொல்லப்பட்டது.

இதற்குள் ஒரு தொப்பிப் பெயரின் படம் கைபேசிகளில் பரவிவிட்டது. யாராலும் வாசிக்க முடியாத பெயர் என்றால் உயிரை விடும் இளம் பெற்றோர்கள், பிரசவத்தையே உராகாமேவுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். ரயில் நிலையத்தில் தொப்பி வடிவத்தில் மோச்சி என்ற அரிசிப் பலகாரம் விற்றது. ‘பெயருக்கும் மகுடம் சூட்டும் நகரம்’ என்று நகராட்சித் தலைவர் பலகை வைத்தார்.

மினெகிஷிக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்த இரண்டு வரியையும் எழுதினாள். பட்டன் அழித்தது. ஷியோரிக்குத் தொப்பியில்லாத சான்றிதழ் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்தது, விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் இறங்கியது. கஜிதானி அவள் மேஜையில் ஒரு கட்டி டோஃபுவை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெறும் ‘மிசாகி’யோடு சான்றிதழ் வாங்கிய தம்பதி சண்டைக்கு வந்தார்கள். நகராட்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

“யார் இதைக் கெடுத்தது?”

“நான் சரி பண்ணினேன் ஐயா.”

“அதைத்தான் கேக்கறேன்.”

குப்பை எரிக்கும் கூடத்தில் ஒரு பணியிடம் காலியாக இருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மினெகிஷி திரும்பி வந்து இரண்டு வரியையும் எடுத்துவிட்டாள். அன்று முழுக்க யார் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தொப்பிப் பெயர்களை ஏற்கும்படி ஆஸ்பத்திரிக்கு உத்தரவு போனது. அவர்களும் விசுவாசமாக மாற்றியமைத்தார்கள். இலையுதிர் காலத்தில் பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மினெகிஷி அங்கே போய் நின்றாள்.

“பேர் முழுசா இல்லையே. கடைசியில தொப்பி வரணும்,” என்றாள் வரவேற்புப் பெண்.

“எனக்குத் தொப்பி கிடையாது.”

“அப்ப நகராட்சியில வாங்கிட்டு வாங்க.”

பக்கத்தில் கஜிதானி நின்றிருந்தார். தோளில் ஷியோரி அனலாகக் கொதித்தாள்.

“அன்னிக்குத் தொப்பியை எடுத்தீங்களே, அதை மறுபடி வச்சுத் தர முடியுமாம்மா?” என்று கெஞ்சினார்.

அவருக்குப் பின்னால் நகராட்சித் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் பெயரிலும் தொப்பி இல்லை.