பதினெட்டு அடிப் பிழை

காரணமில்லாமல் ஓரடிகூட நடப்பதில்லை என்று தராசுக்காரர் சபதம் எடுத்தது, டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்த மூன்றாவது நிமிஷத்தில். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரை. தினமும் நடந்து குறையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வரும்போது ஊசிதான் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். ஊசி என்றால் தராசுக்காரருக்கு உயிர் போய்விடும். நடை என்றால் மானம் போய்விடும்.

"எங்கேயாவது போறதுக்கு நடக்கிறவன் மனுஷன். எங்கேயும் போகாம நடக்கிறது செக்குமாடு," என்றார் மனைவியிடம்.

"காரணம் இருந்தா நடப்பீங்களா?"

"காரணம் இருந்தா மலைகூட ஏறுவேன்."

மனைவி தலையை ஆட்டிக்கொண்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ்களுக்கு ரூட் போடுகிறவர். எந்த வண்டி எந்த முனையில் திரும்பும், எந்தப் பிள்ளை எத்தனையாவது நிமிஷத்தில் ஏறும் என்பதெல்லாம் அவருடைய பென்சில் முனையில் இருக்கும். அடம் பிடிக்கிற பிள்ளையைத் தானாகவே வண்டியில் ஏற வைக்கிற வித்தையும் அவருக்கு அத்துபடி.

மறுவாரத்திலிருந்து சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். எங்கே என்று கேட்டால், சும்மா என்றார். இருபத்தாறு வருஷமாக மூலைக்கடைக்குப் போவதென்றாலும் போகும் வழி, வரும் வழி இரண்டையும் ஒப்பித்துவிட்டுப் போகிறவர். அந்தச் 'சும்மா' தராசுக்காரரின் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. அவர் சந்தேகப் பிராணி அல்ல. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க ஆய்வாளர். எடை காட்டாத தராசையும் இடம் சொல்லாத மனைவியையும் அவரால் சகிக்க முடியாது, அவ்வளவுதான்.

கைபேசி ரிப்பேர்க் கடைக்காரர் ஒரு செயலியைப் பற்றிச் சொன்னார். மேடத்தின் போனில் போட்டுவிட்டால் அவர் போகும் இடமெல்லாம் சாரின் போனில் நீலப்புள்ளியாகத் தெரியுமாம். மேடத்துக்குத் துளிகூடத் தெரியாதாம்.

"தப்பில்லையா?" என்று தராசுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா இருந்தா விப்பாங்களா சார்?"

கடையில் விற்றார்கள் என்பதற்காக எந்தக் கள்ளப் படிக்கல்லையும் தராசுக்காரர் விட்டுவைத்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த வாதம் அவருக்கு இனித்தது. திரைக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிறேன் என்று மனைவியின் போனை வாங்கிப் போய்க் காரியத்தை முடித்தார். நான் அவளை வேவு பார்க்கவில்லை, செயலியைச் சோதிக்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அதற்கு அத்தாட்சியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நம்பகம், நியாயம் என்று இரண்டு பத்தி பிரித்துக் கோடு போட்டார்.

முதல் நாள் ஐந்து பத்துக்கு நீலப்புள்ளி தையல்கடையில் நின்றது. வேறு யாராக இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து திருப்திப்பட்டிருப்பார்கள். தராசுக்காரரால் முடியவில்லை. சரிபார்க்காத கருவி சொல்வதை நம்புவது அவருடைய தொழிலுக்கே துரோகம். தராசைச் சோதிக்க நிலையான எடைக்கல் வேண்டும். இங்கே எடைக்கல், மனைவி. ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் புள்ளி சொல்வது மெய்யா பொய்யா என்று தெரியும். ஸ்கூட்டரை எடுத்தால் அதன் இருமல் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

நடந்தார்.

'காட்டியது: தையல்கடை வாசல். உண்மை: எதிர்ப்புற மருந்துக்கடை. பிழை: பதினெட்டு அடி' என்று முதல் பக்கத்தில் எழுதியபோது அவருக்கு மூச்சு இரைத்தது. மனது மட்டும் துள்ளியது. செயலி செய்கிறவனையே பிடித்துவிட்டாரே. ஒரு நாள் அளவு அளவாகாது. ஐம்பது அளவாவது எடுக்கவேண்டும்.

அன்றிலிருந்து தினமும் அவருக்குக் கருவிச் சோதனை. தன் உடம்பில் கால்வாசிகூட மறையாத விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். விளம்பரப் பலகையைப் படிப்பதுபோல் நடித்து, அதையே பன்னிரண்டு தரம் படித்தார். மனைவி நாளுக்கு நாள் ஒரு தெரு கூடுதலாகப் போனார். தராசுக்காரருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு ஏதாவதொரு கடைக் கண்ணாடியில் ஏதோ பிடித்துப்போகும். இவர் மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதிர்ஷ்டம் தன் பக்கம் என்று தராசுக்காரர் குறித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் குறிப்பு இது: 'நடைமேம்பாலத்தை மூன்று முறை கடந்ததாகக் காட்டுகிறது. கருவிக் கோளாறு என்று ஐயுற்று மூன்று முறையும் நேரில் ஏறி இறங்கிப் பார்த்தேன். கோளாறு இல்லை. உண்மையிலேயே மூன்று முறை கடந்தாள். மறதி போலும்.'

அந்த வாரம் அவருடைய செருப்பு அறுந்தது. மறுநாளே மனைவி ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து வைத்தார். தள்ளுபடியில் கிடைத்ததாம். பெல்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, தோல் நீண்டுவிட்டது, தரம் சரியில்லை என்று தராசுக்காரர் கடைக்காரருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார்.

எழுபத்தோரு நாள் ஆனது. நியாயம் என்கிற பத்தி மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. கடைசியில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். ஏழு. ஊசி வேண்டாம். தராசுக்காரர் நாற்காலியில் ஒரு சாண் உயர்ந்தார்.

"நல்லா நடக்கிறீங்க போல."

"ஓரடிகூட நடக்கலை டாக்டர்," என்றார் தராசுக்காரர். சபதத்திலும் ஜெயித்து, சர்க்கரையிலும் ஜெயித்த குரல் அது. "என் உடம்பு அப்படி."

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரையில் தெருக்களெல்லாம் வலை பின்னியிருந்தன. முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. பின்புள்ளிக்கு மேலே தராசுக்காரரின் படம் இருந்தது. கீழே இருநூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர் என்றிருந்தது.

"இது எப்படி உன்கிட்ட?" தராசுக்காரரின் குரல் பழைய எடைக்கு இறங்கியது.

செயலி போட்ட பத்தாவது நிமிஷமே 'உங்கள் இருப்பிடம் பகிரப்படுகிறது, நீங்களும் அவரைப் பார்க்கலாம்' என்று அதுவே தகவல் அனுப்பிவிட்டதாக மனைவி சொன்னார்.

"தராசு முகம் விக்கிறவன், வாங்கறவன் ரெண்டு பக்கத்துக்கும் தெரியணும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்வீங்க. எனக்கும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ரூட்டே போட்டேன்."

"நான் செயலியைத்தான் சோதிச்சேன். உன்னை இல்லை."

"கடைக்காரன் தராசைத் தொடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட அடையாள அட்டையைக் காட்டுவீங்களா மாட்டீங்களா?"

தராசுக்காரர் தரையைப் பார்த்தார். ஷூ பளபளத்தது.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றார் மனைவி. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "பையில வச்சிருக்கிற அந்த நோட்டைக் கொடுங்க. நியாயம்னு ஒரு பத்தி காலியா கிடக்குது, பார்த்தேன். அதை நான்தான் எழுதணும்."

எழுதினார். ஒரே சொல்: 'பூஜ்யம்.'

டாக்டரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை இழுத்து, பழைய மாத்திரைகளில் ஒன்றை அடித்துவிட்டு, கீழே ஏதோ எழுதி மனைவியிடம் நீட்டினார். மனைவி அதைக் காத்திருப்போர் அறைவரைக்கும் கேட்கும்படி நிதானமாக வாசித்தார்:

"மனைவியைப் பின்தொடரவும். தினம் ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன். ஆயுள் முழுவதும்."