தைலம் குடித்த தொட்டி

தைலப் புட்டியைக் கடைசிச் சொட்டு வரை சுழல்நீர்க் குளியல் தொட்டியில் கவிழ்த்து, பொத்தானையும் அமுக்கிய பிறகுதான் சுந்தரதாஸ் சுவரில் இருந்த பலகையைப் படித்தார். எண்ணெய் ஊற்றக் கூடாது என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. மூன்றும் அவருக்குத் தெரியும்.

தொட்டி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு அதன் பக்கத் துளைகள் எல்லாம் சேர்ந்து துப்பின. தண்ணீர் துளைகளுக்கு மேலே நிறைந்த பிறகு ஓடவிட வேண்டிய சாதனம் அது. இங்கே பாதிகூட நிறையவில்லை. கூரை, சுவர், சுந்தரதாஸ் என்று எதையும் விடாமல் மூட்டுவலித் தைலம் தெளித்தது. அணைக்கப் பாய்ந்தவர் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தார். தலை எங்கோ இடித்தது.

பாறசாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை கொடுக்கிறவர். இப்போது அவருடைய கண்ணாடியிலேயே தைலம் வழிந்தது.

திங்கட்கிழமை விமலகுமாரிக்கு முழங்கால் முட்டு ஆபரேஷன். அதற்கு முன் அம்மா ஒரு நாளாவது சுகமாகக் கிடக்கட்டும் என்று மகள் பிஜிதான் இந்தப் பழைய சாயிப்பு பங்களாவில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். சாயிப்பு என்று ஊர் சொல்லும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. அவரும் மனைவி மதாம்மாவும் இறந்ததும் இதற்குள்தான். இப்போது ஹோட்டல். அறைக்கு அறை சுழல் தொட்டி.

விமலகுமாரி வழியில் நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டில் இறங்கிக்கொண்டாள்.

"நான் வாறப்ப தண்ணி சூடா கிடந்தா போதும். நீங்க ஒண்ணையும் தொட்டு நாசமாக்காம இருக்கணும், கேட்டியளா? ஆபரேஷனை நினைச்சா எனக்குப் பேடியா இருக்கு. ஒரு மணிக்கூராவது இந்தக் காலை மறக்கணும்" என்றாள். அவள் சிரித்துப் பல மாதங்களாகியிருந்தன.

வெறும் வெந்நீரைவிடத் தைல வெந்நீர் நல்லதல்லவா என்று தோன்றியது மட்டும்தான் சுந்தரதாஸ் செய்த குற்றம்.

ஹோட்டல் மேனேஜர் சிஜுவுக்கு போன் செய்தார்.

"மரம் விழுந்து நான் வாற ரோடு அடைஞ்சு கிடக்கு சார். சாவி வச்ச இடம் சொன்னேன்லா? மற்றதுக்கு ஆளு வரும்" என்று சொல்லும்போதே லைன் அறுந்தது.

மாற்றுத் துணிப்பை விமலகுமாரியோடு போயிருந்தது. வேட்டி பிழிந்தால் தைலம் சொட்டியது. வெள்ளைக் கட்டில் விரிப்பை உருவிச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. சாயங்காலமே இருட்டிவிட்டது. வோல்டேஜ் குறைந்து பல்புகள் சிவந்த புழுக்களாய் மினுங்கின.

"யாராவது உண்டா?"

வராந்தாவின் கோடியில் ஒரு வெளிச்சம் அசைந்தது. மெழுகுவர்த்தியோடு ஒரு கிழவர். வெள்ளை வேட்டி. கண்ணாடியின் தைலப்படலத்தில் அவர் முகம் கரைந்து கரைந்து தெரிந்தது.

சுந்தரதாஸுக்கு உயிர் வந்தது. சிஜு சொன்ன ஆள்!

"அண்ணே, எவ்வளவு நேரமா விளிக்கேன்! கொஞ்சம் பயறுபொடி வேணும். இந்த எண்ணெய் போகணும்."

கிழவர் மெழுகுவர்த்தியை உயர்த்தி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"சீக்கிரம் வேணும் அண்ணே. எனக்க பெண்டாட்டி வாறதுக்கு முன்ன."

"அவங்களும்... வருவாவளா?"

"பின்னே? மழை விட்டதும் வந்திருவா."

கிழவர் திரும்பாமலேயே பின்னோக்கி நடந்து இருட்டுக்குள் போனார். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே ஒரு பயறுபொடிப் பொட்டலம் இருந்தது. வைத்த ஆளைக் காணோம். தலையில் தேய்த்த எண்ணெயையே எடுக்கிற பொடி, தொட்டி எண்ணெயை எடுக்காதா? உடம்பில் பாதி அப்பிக்கொண்டு, மீதியைத் தொட்டியில் கொட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் திறந்தார்.

பயறு வெந்தது. பச்சைக் களியாகத் திரண்டு துளைகளை அடைத்தது. பொத்தானை அமுக்கினால் தொட்டி சுழலவில்லை, முனகியது. பூமிக்கு அடியிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல நீளமான முனகல்.

அதற்குப் பதில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மெலிதாக, ஒரு பெண் குரல்.

சுந்தரதாஸ் தொட்டியை அணைத்தார். குரல் நின்றது. போட்டார். குரல் அழுதது.

வராந்தாவுக்குப் பாய்ந்தார். கிழவர் அங்கேயே, அசையாமல்.

"பக்கத்து ரூம்ல யாரு அண்ணே?"

"யாரும் இல்ல அய்யா!"

"பெண் சத்தம் கேட்டுதே."

"இல்லவே இல்ல. நான் ஒத்தைக்காக்கும்."

"சரி, உள்ள வாரும். தொட்டிக்குள்ள கையை விட்டு என்னன்னு பாரும்."

"வேண்டாம் அய்யா!" கிழவர் கை கூப்பினார்.

"எவ்வளவு காலமா இங்க இருக்கீரு?"

"இண்ணைக்கு ஒரு ராத்திரிதான். விடிஞ்சா என்னைக் காணமாட்டிய."

சுந்தரதாஸின் முதுகில் தைலத்தையும் மீறி மயிர் நின்றது. உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டார். சபைக் கமிட்டி மெம்பர் அவர். பேயெல்லாம் இல்லை என்று போன மாதம்தான் வாலிபர் கூட்டத்தில் பேசியிருந்தார். இப்போது பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லப் பார்த்தார். பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கினார்.

கதவுக்கு வெளியே ஏதோ புகைந்தது. மெல்லத் திறந்தார். தரையில் வாழையிலைத் துண்டு. அதில் அவல், வெல்லத் துண்டு, பாளையங்கோடன் வாழைப்பழம். பக்கத்தில் எரியும் ஊதுபத்தி. ஒரு கிளாஸில் பிராந்தி.

யாருக்கு இது? அக்கம்பக்கத்து வீடுகளில் அவர் பார்த்திருக்கிறார். செத்தவர்களுக்கல்லவா இப்படிப் படைப்பார்கள்?

தலையில் இடித்த இடத்தைத் தடவினார். வலிக்கவில்லை. எண்ணிப் பார்த்தால், விழுந்த பிறகு உடம்பில் எங்குமே வலிக்கவில்லை. மூட்டுவலித் தைலத்தின் வேலை என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. தொட்டிக்குள் பச்சைக் களிக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விமலா வந்து அதைப் பார்ப்பாளே! மொண்டிக் காலோடு அவள் எப்படித் தாங்குவாள்? திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார்கள்?

வெளியே வந்தார்.

"அண்ணே, உள்ளதை உள்ளபடி சொல்லும். நான் செத்துட்டேனா?"

கிழவர் மண்டியிட்டே விட்டார்.

"செத்தாச்சு அய்யா. ஊருக்கே தெரியுமே."

சுந்தரதாஸ் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "அய்யோ விமலா, உன்னை ஒத்தைக்கு விட்டுட்டேனே" என்று வாய்விட்டு அழுதார்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து, மறு காலைத் தட்டி ஏறும் சத்தம். வெள்ளைச் சேலையில் ஓர் உருவம் குடையும் பையுமாக வந்து நின்றது.

"இது என்ன கோலம்?" என்றாள் விமலகுமாரி.

"விமலா... உனக்கு என்னைக் காணுதா?"

"காணாம பின்னே? எண்ணெயும் மாவும் அப்பிக்கிட்டு, கட்டில் துணியையும் சுத்தி... எண்ணெய்ச் சட்டியில விழுந்த பஜ்ஜி மாதிரி!"

அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டுவலியை மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுந்தரதாஸ் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். வலித்தது. அவ்வளவு இனிமையான வலியை அவர் அறிந்ததில்லை.

சிரித்து ஓய்ந்து, மண்டியிட்டிருந்தவரை விமலகுமாரி அப்போதுதான் கவனித்தாள்.

"நீங்க யாரு?"

கிழவர் தலை நிமிராமல் சொன்னார்: "நான் பனச்சமூடு சுயம்புவாக்கும் மதாம்மா, பக்கத்து ரூம்ல தங்க வந்தவன். செத்த சாயிப்பு ஆவியா வந்து கேட்டதெல்லாம் கொடுத்தாச்சு. இனியாவது எனக்க பெண்டாட்டி கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வரலாமான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும்."