கேரம் ஆடவும் ஹெல்மெட் போட்ட சட்டி நைனா

ராயபுரத்தில் சட்டி நைனாவைப் போலத் தலையைப் பத்திரமாக வைத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. உலகத்திலேயே கிடையாது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் எண்ணூரைத் தாண்டி அதிகம் போனதில்லை என்பதால் ராயபுரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தோம். பட்டறையில் எல்லோருக்கும் மஞ்சள் நிறத்தில் ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள். கிரேனுக்குக் கீழே நிற்கும்போது அதைப் போட வேண்டும் என்பது உத்தரவு. நாங்களா போடுவோம்? ஒருவன் அதில் இறால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இன்னொருவன் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். மேஸ்திரி வரும்போது மட்டும் எல்லாத் தலைகளும் மஞ்சளாகும். இறால்காரன் தலையை மட்டும் ஈக்கள் சுற்றும்.

நைனா அப்படி இல்லை. வேலை முழுக்கப் போட்டிருப்பார். அது ஒன்றும் அதிசயமில்லை. மாலைச் சங்கு ஊதி நாங்கள் வெளியே வந்ததும் அவர் ஹெல்மெட்டின் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவார். அதுதான் அதிசயம். "வேலை முட்ஞ்சிச்சு. இனிமேதான் பயம்" என்பார்.

எங்கள் தெரு முனை மன்றத்தில் கேரம் ஆட வருவார், ஹெல்மெட்டோடு. முதல் நாள் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நைனா, இது கேரம் போர்டு. கிரேன் இல்ல" என்றான் எதிரே இருந்த தாஸ்.

"ஸ்ட்ரைக்கர் துள்ளி வந்து நெத்தியில பட்டா யார்ரா பதில் சொல்றது? நீயா?"

தாஸ் சிரித்துக்கொண்டே அடித்தான். ஸ்ட்ரைக்கர் துள்ளியது. நைனாவின் ஹெல்மெட்டில் 'டங்' என்று பட்டு, திரும்பி வந்து என் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்து எல்லோரும் பதறினார்கள். நைனா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "இன்னா தாஸு, இப்ப சிரி."

சினிமாக் கொட்டகையிலும் கழற்ற மாட்டார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறதாம். பின்னால் இருப்பவர் கத்துவார்: "யோவ், அந்தச் சட்டியை இறக்குய்யா! கதாநாயகி மூஞ்சியே தெரியல!" நைனா மரியாதை தெரிந்தவர். கழற்ற மாட்டாரே தவிர, குனிந்துகொள்வார். படம் முழுவதும் முழங்காலில் நெற்றியை வைத்துக் கேட்டுவிட்டு, வெளியே வந்து "சண்டை நல்லா கீது" என்பார்.

மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் கல்லூரிப் பையன்களையும் அவர் விடவில்லை. மட்டையோடு நின்றவனிடம் நேராகப் போனார்.

"தம்பி, காலுக்கு மெத்தை கட்டிகினு, தலையைத் தொறந்து வுட்டுகினு நிக்கிறியே. பந்து காலைத் தேடிகினா வரும்?"

"தலைக்குக் கட்டினா சிரிப்பாங்க, சார்."

"கால்ல கட்டிகினு வாத்து மாரி நடக்கிறியே, அதுக்கு யாரும் சிரிக்கலியா?"

அந்தப் பையன் யோசித்தான். யோசித்துக்கொண்டு நின்றதில் அடுத்த பந்தில் அவுட் ஆனான். அதன் பிறகு நைனா மைதானத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரின் மகள் ரோசலினைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

நான் கூச்ச சுபாவம். கோயில் வாசலில் அவளைப் பார்த்தால் செருப்பைத்தான் பார்ப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நான் பாக்ஸிங் ஆடுகிறவன். கையுறை மாட்டிய பிறகுதான் எனக்குக் கூச்சம் போகும். கையுறையோடு பெண் கேட்கப் போக முடியாது என்பதால் அம்மாவை அனுப்பினேன். கூடவே போய்க் கதவருகில் நின்றேன்.

நைனா வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லூர்து, நீ நல்ல பையன். ஆனா ஒரு கேள்வி. ரிங்குல ஏறும்போது வாயில இன்னா வச்சிக்கிற?"

"பல்லுக்கு... ரப்பரு, நைனா."

"இடுப்புல?"

அம்மா இருந்ததால் நான் பேசவில்லை.

"அங்கியும் ஒண்ணு கட்டிக்கிற. பல்லுக்குப் பாதுகாப்பு, கீழ பாதுகாப்பு. எல்லாத்துக்கும் மேல கீற தலை இன்னா பாவம் பண்ணுச்சு? உன் ஆட்டத்துல அவன் குறி வச்சு அடிக்கிறதே தலையிலதான! நீ எல்மெட்டு போட்டுகினு ரிங்குல ஏறு. அட்த்த மாசமே கோயில்ல கல்யாண ஓலை எழுதிடலாம். இல்லாட்டி என் பொண்ணு இல்ல."

நான் அதிர்ந்துபோய் நின்றேன். உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்தது. ரோசலினும் அதிர்ந்துவிட்டாள் என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

என் பாக்ஸிங் வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

"எல்மெட்டா? ரிங்குலயா? என் மானம் கப்பலேறிடும்டா! உன்னை அடிக்கிறவன் கை ஒடிஞ்சி பூடும். கட்டிக்க வேற பொண்ணா இல்ல?"

வாத்தியார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கெட்டியான ஹெல்மெட்டைக் குத்தினால் எதிராளியின் விரல் போய்விடும். ஆனால் எனக்கு வேறு பெண் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மாதா கோயில் திருவிழாப் போட்டியில் வெறும் தலையோடுதான் ஏறினேன்.

இந்த இடத்தில் துறைமுகத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரேன் சாமானைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஏதாவது நழுவினால், பார்த்தவர் "தல!" என்று கத்துவார். கத்தல் கேட்டால் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. நின்ற இடத்தில் குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது எலும்பில் ஏறிய பழக்கம். டீக்கடையில் ஒருவன் விளையாட்டுக்கு அப்படிக் கத்தி, ஒரே நேரத்தில் அத்தனை கிளாஸ்களும் உடைந்திருக்கின்றன.

திருவிழாவுக்கு வந்திருந்த கூட்டம் பெரும்பாலும் துறைமுகக் கூட்டம். நடுவரும் பகலில் கிரேன் ஓட்டுகிறவர். எனக்கு எதிராளி மட்டும் பெரம்பூர்க்காரன்; ரயில்வேயில் வேலை. நைனா முதல் வரிசையில், மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்ப்பதும் ஆபத்தான காரியம் என்பது அவர் கட்சி. ஹெல்மெட்டின் வார் கழுத்தில் பதிந்திருந்தது.

முதல் சுற்றில் நன்றாக வாங்கினேன். இரண்டாவது சுற்றில் பெரம்பூர்க்காரன் என்னைக் கயிற்றோரம் தள்ளி, வலது கையைப் பின்னுக்கு இழுத்தான். அது என் கன்னத்துக்கு வந்துகொண்டிருந்தது. நைனாவால் தாங்க முடியவில்லை.

"தல!"

நான் குந்திவிட்டேன். கை இரண்டும் தலைக்கு மேல். நான் மட்டுமா? வாத்தியார் குந்தினார். நடுவர் குந்தினார். மதிப்பெண் போடுகிறவர்கள் மேசைக்கடியில் போனார்கள். மைதானம் முழுக்க அத்தனை பேரும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்கள். பேண்டு வாத்தியக்காரர்களில் ஒருவர் டிரம்மைத் தலையில் கவிழ்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

நின்றுகொண்டிருந்தவன் பெரம்பூர்க்காரன் ஒருவன்தான். அவன் குத்திய குத்துக்கு அங்கே முகம் இல்லை. குத்தின வேகத்தில் என் முதுகில் உருண்டு, கயிற்றுக்கு மேலே போய், மேடையிலிருந்து தலைகீழாக விழுந்தான். விழுந்த இடம் நைனாவின் ஹெல்மெட்.

'டங்.'

மெதுவாக எல்லோரும் எழுந்தோம். பெரம்பூர்க்காரன் மயங்கிக் கிடந்தான். நடுவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு அட்ச்சது?"

யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் பையன்தான்! சுத்தமான குத்து!" என்று வாத்தியார் என் கையைத் தூக்கினார். கூட்டம் விசிலடித்தது.

"பொய்!" கீழேயிருந்து நைனாவின் குரல். "லூர்து அடிக்கல. என் மண்டைதான் அட்ச்சிது."

என் கை இறங்கியது. வெற்றியும் போயிற்று. பெண்ணும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

நைனா தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தார். "தம்பி, கண்ணைத் தொறப்பா. உங்கம்மா பேரு இன்னா, சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவன் கண் திறந்து, "எந்த லாரி?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா அழுதுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவனைக் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு நைனா என்னிடம் சொன்னார். "என் தம்பி கப்பல்ல வேலை பாத்தான். தலைக்கு மேல எத்தினியோ இரும்பு போச்சு, வந்துச்சு. ஒரு கீறல் இல்ல. ஞாயித்துக்கிழமை தோஸ்துங்களோட சிரிச்சிகினே கடல்ல குதிச்சான். உள்ள கல்லு கீது." ஹெல்மெட்டின் வாரைத் தடவிப் பார்த்தார். "உயிரு கப்பல்ல போயிருந்தா கம்பெனிக்காரன் வாசல்ல வந்து நின்னிருப்பான். அவன் பொறுப்பு. அதான் வேலைக்கு எல்மெட்டு குட்த்துட்றான். ஆட்டத்துல பூட்ட தலைக்கு யாருடா பொறுப்பு? யாரும் இல்ல. அதான் யாரும் தர்றதில்ல."

நான் வாழ்க்கையில் கையுறை இல்லாமல் தைரியமாகப் பேசியது அன்றுதான். "மாமா, நான் போட்டுக்கிறேன்" என்றேன். நைனா என்று சொல்லாமல் மாமா என்று சொன்னதை அவர் கவனித்தார்.

ஒரு வாரம் யோசித்தார். வாத்தியார் சொன்ன விரல் பிரச்சினைக்கும் வழி கண்டுபிடித்தார். மெத்தை தைக்கும் பாயிடம் போய், என் தலையளவுக்கு இலவம்பஞ்சு அடைத்து ஒரு ஹெல்மெட் தைத்துக்கொண்டு வந்தார். சிவப்புப் பூப்போட்ட மெத்தைத் துணி. கன்னத்துக்கு இரண்டு காது. போட்டுப் பார்த்தேன். தலையணைக்கு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு அடுத்த போட்டியில் ஏறினேன். கூட்டம் சிரித்தது. எதிராளி சிரித்துச் சிரித்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். வாத்தியார் வீட்டுக்கே போய்விட்டார். நடுவர் என் காதில், "சட்டத்துல இது இல்லப்பா, எறங்கு" என்றார். ஒரு குத்துகூட விடாமல் இறங்கினேன். அதுதான் என் கடைசிப் போட்டி.

கீழே நைனா நின்றுகொண்டிருந்தார். அந்தப் பஞ்சுத் தொப்பியின் மேல் கையை வைத்துச் சொன்னார்: "ஏறினியே, போதும். இனிமே இந்தத் தலைக்கு நான் பொறுப்பு."

அடுத்த மாதம் ஓலை எழுதினார்கள். கல்யாண போட்டோவில் மாமா ஹெல்மெட்டோடு நிற்கிறார். மாலை அதைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்காததால் கையில் வைத்திருக்கிறார்.

அவர் படுக்கையில்தான், வயதாகி, நிம்மதியாகப் போனார். தலையில் ஒரு தழும்புகூட இல்லை.

இப்போது எண்பத்து நாலு. போன மாதம் பக்கத்து வீட்டு டி.வி.யில் வெளிநாட்டில் நடந்த பாக்ஸிங் காட்டினார்கள். நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு பேர் தலையிலும் மெத்தை வைத்துத் தைத்த தொப்பி! கன்னத்துக்கு இரண்டு காது! யாரும் சிரிக்கவில்லை. ரோசலின் எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சிவப்புப் பூப்போட்ட அந்தத் தலையணையைக் கொண்டுவந்து, அத்தனை பேருக்கும் நடுவில், என் தலையில் மாட்டிவிட்டாள்.

ஆட்டம் முடியும்வரை நான் அதைக் கழற்றவில்லை.