தடவிப் பார்த்து ‘ரஃப்’ என்பவர்

மனிதர்களில் இப்படி ஒரு வகை உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இவர்கள் முதலில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை; கதவைப் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. வலது கைக் கட்டைவிரலைக் கதவின் விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்து, அந்த விரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து உரசி, பாகுப் பதம் பார்ப்பவர் போலக் கண்ணை இடுக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, அதன் பிறகுதான் தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்பு எப்போதும் இங்கிலீஷில்.

“திஸ் டோர் இஸ் ரஃப்.”

அவ்வளவுதான். இருப்பது ஒரே வாக்கியம். டோர் இருந்த இடத்தில் டவல் வரும், டம்ளர் வரும், தலையணை உறை வரும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னம்கூட வரும். கடைசிச் சொல் மட்டும் அசையாது.

ஏன் இங்கிலீஷ் என்று கேட்கிறீர்களா? சொரசொரப்பாக இருக்கிறது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். இருந்தால் இருக்கட்டும், உன்னை யார் தேய்க்கச் சொன்னது என்று உடனே பதில் வரும். ‘ரஃப்’ என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர், நேற்றுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பக்கம், இந்த வகைக்கு அர்த்தனாரி என்று பெயர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் தரம் பார்க்கும் செக்கிங் மேசை முன் நின்று துணியைத் தடவியவர். ஐம்பது வயதில் மேசையை அங்கேயே விட்டுவிட்டு மலையேறினார். விரலை விட்டுவிட்டு வரவில்லை. மலையில் என்ன இருக்கிறது? பலாப்பழம், மரவள்ளிக் கிழங்கு, மிளகுக் கொடி ஏறிய மரத்தின் பட்டை, பாறை. பாவம், மனிதருக்கு ஒரு நாள் ஓய்வில்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் களியை உருட்டும்போதே “திஸ் களி இஸ் ரஃப்” என்பார். ஒரு சாவு வீட்டில் பாடை கட்டிய கயிற்றையும் உருவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். இறந்தவர் ஆட்சேபிக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அவருடைய தங்கை கண்ணாயியால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

கண்ணாயியின் கணவர் ராசுவுக்குச் சேலத்தில் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கிற வேலை. திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினால் அடுத்த வாரக் கடைசிக்குத்தான் முகம் பார்க்கலாம். இந்த நிலையில், வெளியூர்க்காரர்களை மலை வீடுகளில் தங்கவைக்கும் சுமித்ரா என்ற பெண், அந்த ஊரில் ஒரே ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கண்ணாயி வீட்டைப் போட்டோவில் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் நேரில் வருவதாகச் சொன்னார். வீடு தேறிவிட்டால் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டு, காடு சுற்றிக் காட்டி, மிளகையும் பார்த்துக்கொண்டு ராசு ஊரோடு இருந்துவிடலாம். இருவரும் அதைச் சத்தமாகப் பேசிக்கொள்ளக்கூடப் பயந்தார்கள்.

தங்கைக்கு நல்லது நடக்கும்போது அண்ணன் சும்மா இருப்பாரா? வந்தார். தடவினார்.

செம்மண்ணும் சாணியும் குழைத்துக் கையாலேயே பூசிய சுவர். விரல் போன தடமெல்லாம் வளைவு வளைவாக நிற்கும். “திஸ் வால் இஸ் ரஃப்.” மறுநாளே சுவருக்குப் பட்டி பார்த்து, பளபளவென்று பச்சை பெயிண்ட் ஏறியது. வாசல் கல்படிக்கும் அதே தீர்ப்பு. கொட்டிலில் இருந்த இரண்டு ஆடுகள் வழவழப்பான டைல்ஸாக மாறின. கம்பளி போய் வழுக்கும் நைலான் போர்வை வந்தது. சாமை அரிசி மறுபடியும் மில்லுக்குப் போய், தன் நிறத்தையும் மணத்தையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெள்ளையாகத் திரும்பியது.

“ஏம் புள்ள, மண்ணுச் செவுரு நல்லாத்தான இருந்துச்சு?” என்றார் ராசு.

“அண்ணன் பதினோரு வருசம் செக்கிங்ல இருந்தவருங்க. நமக்கென்ன தெரியும்?”

சுமித்ரா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்க, போட்டோ அனுப்புனது இந்த ஊடுதானுங்களா?”

“ஆமாங்க. அப்ப ரஃப்பா இருந்துச்சுங்க. இப்பத்தான் எல்லாத்தையும் சரி பண்ணியிருக்கோம்,” என்றாள் கண்ணாயி, பெருமையாக.

சுமித்ரா உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“டவுன்ல இந்த மாதிரி செவுத்துக்குள்ளயே கெடந்து சலிச்சுப் போனவங்களுக்குத்தாங்க நான் ஊடு தேடறேன்.”

மரியாதையானவர். காப்பியை முழுக்கக் குடித்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, டைல்ஸில் வழுக்காமல் ஒவ்வொரு படியாக இறங்கி, நான்கு வீடு தள்ளி இருந்த பொன்னாயி வீட்டுக்குப் போனார். அங்கே மண் சுவர் மண் சுவராகவே இருந்தது. பொன்னாயி குடும்பத்துக்கும் அர்த்தனாரிக்கும் வேலித் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவர் விரல் அந்த வீட்டுப் பக்கம் போனதே கிடையாது. அன்று மாலையே அந்த வீடு முடிவாகிவிட்டது.

அர்த்தனாரி வருந்தினாரா என்கிறீர்களா? இந்த வகையை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. தரம் தெரியாத பெண்பிள்ளை அந்த சுமித்ரா என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ராசு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். கண்ணாயி பக்கத்தில் நின்றாள். மைத்துனரை வழியனுப்ப அர்த்தனாரியும் வந்திருந்தார். வந்தவர் பையின் வாரைக் கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்தார். வாயைத் திறந்தார்.

“அத உடுங்கண்ணா,” என்றாள் கண்ணாயி. “அவரு தோளுக்கு அது பழக்கந்தான்.”

பஸ் வந்தது. ராசு ஏறிக்கொண்டார்.

நல்லவேளை, நம் வீட்டில் அர்த்தனாரி யாரும் இல்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். இன்று காலை சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இல்லை, துவைத்து மடித்த துண்டைக் கையில் வாங்கிவிட்டு, நீங்கள் ஒரு சொல் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சும்மா, வாயில் வந்தது. நீங்கள் அப்போதே மறந்துவிட்டு இதைப் படிக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே யாரோ எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.