நூறு புள்ளி சைபர் சைபர்

தோற்ற பிறகு பேச ஆரம்பிக்கும் மனிதர்கள் உண்டு. அவர்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர், சராசரிக்காரர். எங்கள் ஸ்டோக் நகரத்தில் பப்புக்கு ஒருவராவது இருப்பார். அம்பு எறியும் பலகை மாட்டிய சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே, அந்தச் சுவருக்கு இடப்பக்கத்து மேசையில், பாதி குடித்த பியரோடும் முழுசாக எழுதிய நோட்டுப் புத்தகத்தோடும் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் பியர் வாங்கப் போவார். தோற்றவர் கழிப்பறைக்குப் போவார். இவர் எங்கும் போகமாட்டார். வகுத்துக்கொண்டிருப்பார்.

டார்ட்ஸ் என்கிற இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஐந்நூற்றொன்றில் தொடங்கி, முறைக்கு மூன்று அம்பாக எறிந்து, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, மிகச்சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். முடிக்கிற அம்பு பலகையின் விளிம்பில் ஓடும், எண்ணை இரட்டிப்பாக்கும் மெல்லிய இரட்டை வளையத்திலோ நட்டநடுச் சிவப்பிலோ குத்தியாக வேண்டும். மூன்று அம்புக்கு எத்தனை புள்ளி என்று வருகிறதோ அதுதான் சராசரி. தொலைக்காட்சியில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது தொண்ணூறைத் தாண்டும். நூறைத் தொட்டால் அவர்களே ஒரு கணம் நின்று திரையைப் பார்ப்பார்கள்.

நம்முடையவர் திரையை மட்டுமே பார்ப்பார். அம்பு பறந்து போவதை அவர் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. இறுதி ஆட்டம் நடக்கும், அரங்கம் மேசைமேல் ஏறிப் பாடும், ஒருவன் மண்டியிட்டு அழுவான், அவனுடைய அம்மா கூட்டத்திலிருந்து ஓடி வருவாள். இவர் கண் மட்டும் திரையின் அடியில் ஓடும் இரண்டு எண்களில் இருக்கும். “ஜெயிச்சதை விடு. எம்பத்தொம்பது. எனக்கா இருந்தா கோப்பையைத் தொடக் கூச்சமா இருக்கும்,” என்பார். தோற்றவனுக்கு நூற்று நாலு. அவன் தோற்கவே இல்லை என்பது இவருடைய கட்சி. ஆட்டம் அவனை ஏமாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பப்பின் சராசரிக்காரர் நைஜல் ப்ளூர். ஓடு சுடும் தொழிற்சாலையில் சூளை பார்ப்பவர், வயது ஐம்பத்தாறு. சும்மா கணக்கெழுதுகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள், அழகாகவும் எறிவார். வலது கையை அவர் உயர்த்தும்போது பேச்சு நிற்கும். ஆனால் அந்தக் கையின் சட்டை மணிக்கட்டு எப்போதும் வெள்ளையாக இருக்கும். சுண்ணாம்புக்கட்டித் தூள். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்குப் பலகையோரம் நின்று புள்ளி எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நைஜல் எழுதிய ஆட்டங்களை எண்ணினால், அது தனி நோட்டு.

எப்படி இவ்வளவு நன்றாக எறிந்து இவ்வளவு தோற்க முடியும் என்கிறீர்களா? இதில்தான் இந்த இனத்தின் ரகசியமே இருக்கிறது. பெரிய எண்களில் எறிகிறவரைக்கும் சராசரி ஏறும். இரட்டை வளையத்துக்கு வந்து தடுமாறினால் அம்பு செலவாகும், புள்ளி வராது, சராசரி சரியும். ஆகவே, சராசரி உச்சத்தில் இருக்கும்போதே எதிராளி முடித்துத் தொலைத்தால் நல்லது. நைஜல் வேண்டுமென்று தோற்பதில்லை. தோற்கும் நேரத்தில் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் பலகையோடு நிற்காது. எங்கள் பழைய அணித்தலைவர் இறந்தபோது, நைஜல் அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பதினோரு சீசன். அறுபத்தி மூணு புள்ளி ரெண்டு,” என்றார். பாவம், அந்த அம்மாள் அது ஆஸ்பத்திரி விவரம் என்று நினைத்து இன்னும் அழுதாள். நைஜலின் மனைவி கிளெனிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியைக் கருக்கிவிட்டாள். இவர் பெருந்தன்மையாக, “பரவால்ல, முப்பது வருஷ சராசரி நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“அப்ப முப்பது வருஷத்துல நல்லா வந்த ஒரு ஞாயித்துக்கிழமையைப் பாத்து எடுத்துச் சாப்பிடு,” என்றாள் கிளெனிஸ், தட்டைத் தூக்கிக்கொண்டு.

போன ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் வடக்கே விகன் நகரத்துக்குப் போனோம். அங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தில் தகுதிப் போட்டி. அதில் கடைசிக் கட்டம் வரை வென்றால் இரண்டு வருடத்துக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் அட்டை. தொலைக்காட்சியில் பார்க்கிற ஆட்களோடு நாமும் ஆடலாம். போனது நைஜல், நான், லொரெய்ன் வார்டில். லொரெய்ன் இருபத்துநாலு வருடமாக விடிகாலைப் பேருந்து ஓட்டுகிறாள். பனியில் முதல் ஆளாக எழுந்து வண்டியின் கண்ணாடியைச் சுரண்டும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் ஆசை. நைஜலுக்கு இது நாலாவது முயற்சி. முந்தைய மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் தோற்றார். மூன்றிலும் சராசரி இவருக்குத்தான் அதிகம். “இந்தத் தடவை அட்டையோட வா. நம்பரோட வராதே,” என்று சொல்லித்தான் கிளெனிஸ் கதவைச் சாத்தியிருந்தாள்.

லொரெய்ன்தான் கார் ஓட்டினாள். நைஜல் முன் சீட்டில் நோட்டைப் புரட்டினார்.

“உன் சராசரி என்னன்னு தெரியுமா, லொரெய்ன்?”

“தெரியாது.”

“எம்பத்தி மூணு. இது தெரியாம எப்படிம்மா ஆடுற?”

“பலகையப் பாத்து.”

“இல்ல, எந்த நெலமையில இருக்கோம்னு ஒரு கணக்கு வேணாமா?”

“நைஜல், நான் ரோட்டுல கெடந்து சம்பாதிக்கிறவ. பஸ்ஸு சராசரியா முப்பது மைல் வேகத்துல போச்சுன்னா, செவப்பு விளக்குல நான் நிக்க வேணாமா?”

நைஜல் அதற்கும் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம், கடைசிக் கட்டம். பதினாலாம் பலகையில் ஆட வேண்டியவர்கள் பெயர் ஒட்டப்பட்டது: ப்ளூர், வார்டில். ஒரே காரில் வந்தவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அட்டை. நானோ முந்தைய கட்டத்தில் அதே பலகையில் ஆறுக்கு ஒன்று என்று தோற்றிருந்தேன். ஆகவே புள்ளி பதியும் வேலை என்னுடையது. அங்கே சுண்ணாம்புக்கட்டி இல்லை, டேப் என்கிற கைக்கணினி. ஒவ்வொரு முறை எறிந்ததும் புள்ளியைத் தட்ட வேண்டும். ஒரு சுற்று, அதாவது ஒரு ஐந்நூற்றொன்று, முடிந்தால், கடைசி முறையில் எத்தனை அம்பு செலவாயிற்று என்று கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். உடனே சராசரியை அதுவே போட்டுக் காட்டும். இந்தச் சில்லறை விவரம் பின்னால் தேவைப்படும்.

முதலில் ஆறு சுற்று எடுப்பவர் வெற்றி. நைஜல் அன்று எறிந்ததைப் போல எங்கள் ஊர்க்காரர் யாரும் எறிந்து நான் பார்த்ததில்லை. இரும்பை இழுக்கும் காந்தம் போல அறுபது புள்ளி தரும் மும்மடங்கு இருபது அவருடைய அம்புகளை இழுத்தது. பக்கத்துப் பலகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லொரெய்ன் வழக்கம் போல மெதுவாகக் கிளம்பி, தள்ளாடி, நாற்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் வந்து சேர்ந்ததும் இரட்டை வளையத்தில் ஒரே குத்தாகக் குத்திவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அவள் தண்ணீர் குடித்தாள். அவர் டேப்பைப் பார்த்தார்.

ஐந்துக்கு ஐந்து.

கடைசிச் சுற்று. லொரெய்னுக்கு மிச்சம் நாற்பது. அடுத்த முறை அவள் கைக்கு மூன்று அம்பு வரும். நாற்பதை விட்டு அவள் வெறுங்கையோடு போனதை அன்று யாரும் பார்க்கவில்லை. நைஜலுக்கு மிச்சம் நூற்று முப்பது. எறியப் போகுமுன் டேப்பை ஒரு பார்வை பார்த்தார். நூறு புள்ளி சைபர் நாலு. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று இலக்கம்.

முதல் அம்பு மும்மடங்கு இருபது, அறுபது. இரண்டாவது, இருபது. மிச்சம் ஐம்பது. கையில் ஒரு அம்பு. நட்டநடுச் சிவப்புக்கு ஐம்பது. குத்தினால் அட்டை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எதிராளி நாற்பதில் நிற்கும்போது நடுவில்தான் எறிய வேண்டும் என்று எங்கள் பப்பில் மேசை துடைக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

நைஜல் கோட்டை விட்டு ஓரடி பின்னால் வந்தார். டேப்பைப் பார்த்தார். உதடு அசைந்தது. பத்தொன்பது வருடமாக அந்த உதட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். நடுச் சிவப்பு ஒரு காசு அகலம். அது தவறி மூன்றிலோ ஏழிலோ விழுந்தால் நூறு உடைந்துவிடும். பதினெட்டோ கை அகலத்துக்கு இருக்கிறது. பதினெட்டு எடுத்தால் மிச்சம் முப்பத்திரண்டு, முடிக்க வாகான எண். யாரும் குறை சொல்ல முடியாது. அதோடு, நூற்றைம்பத்தொன்பது அம்புக்கு ஐயாயிரத்து முந்நூறு புள்ளி. சராசரி, ஒரு தசமம்கூடப் பிசகாமல், நூறு.

பதினெட்டின் மத்தியில் குத்தினார். அதைவிடச் சுத்தமான பதினெட்டை நீங்கள் பார்க்க முடியாது.

“முப்பத்திரெண்டு வச்சிருக்கேன்,” என்றார், யாரும் கேட்காமலே.

லொரெய்ன் கோட்டுக்கு வந்தாள். முதல் அம்பு கம்பிக்கு வெளியே. இரண்டாவது உள்ளே.

மண்டபத்தில் கைதட்டினார்கள். அவள் மூன்றாவது அம்பைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தாள்.

“லென், தட்டிட்டியா?”

“தட்டிட்டேன்.”

“இன்னொரு தடவை பாரு.”

“பாத்துட்டேன். நீதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குள் நைஜல் எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நுழைத்து, டேப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஞாபகம் வந்தவராய் அவளுக்குக் கைகொடுத்தார். “நல்லா ஆடினம்மா. எம்பத்தெட்டுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.” பிறகு அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி பதிய என் இடத்தில் போய் நின்றார். வழக்கம், வழக்கம்தானே.

திரும்பும்போது அவர் பின் சீட்டில். எங்கள் ஸ்டாஃபோர்ட்ஷயர் எல்லை வரைக்கும் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நடுவுல எறிஞ்சிருக்கலாமில்ல, நைஜல்?” என்றாள் லொரெய்ன், காரின் முன் கண்ணாடியில் அவரைப் பார்த்து.

“தவறியிருந்தா தொண்ணூத்தொம்பது.”

“தவறலைன்னா?”

பின் சீட்டில் நோட்டு புரளும் சத்தம் கேட்டது.

“நூறு புள்ளி ஆறு சைபர்,” என்றார் நைஜல். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அட்டையும் கிடைத்திருக்கும், சராசரியும் கூடியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த இனம் சுலபத்தில் சாகாது. ஒரே வாரத்தில் அந்தப் படம் சட்டம் போட்டு எங்கள் பலகைக்குப் பக்கத்தில் தொங்கியது. கிளெனிஸ் வீட்டில் மாட்ட இடம் தரவில்லை. இப்போது சில சனிக்கிழமைகளில் லொரெய்ன் தொலைக்காட்சியில் வருகிறாள். பேருந்தை வேறொருவர் ஓட்டுகிறார். அவள் ஒரு ஆட்டத்தில் வென்றால், நைஜல் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, “எம்பத்தஞ்சு. எம்பத்தஞ்சை வச்சுக்கிட்டு எங்க போய் நிக்கிறா பாரு,” என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்வார். பிறகு கை தானாக மேலே போய், படத்தைக் காட்டும். நூறு புள்ளி சைபர் சைபர்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு விஷயம் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலாவது சுற்றை நைஜல் இரட்டை எட்டில் முடித்தார். முதல் அம்பு வெளியே, இரண்டாவது உள்ளே. எத்தனை அம்பு என்று டேப் கேட்டபோது என் ஒரு கையில் இறைச்சிப் பணியாரம் இருந்தது. இன்னொரு கை அவசரத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டது. அன்று அவர் எறிந்தது நூற்றைம்பத்தொன்பது அல்ல, நூற்றறுபது. டேப்புக்கு அது தெரியாது. நைஜலுக்கும் தெரியாது. அவர் அட்டையைக் கொடுத்து வாங்கிய நூறு, உண்மையில் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று எட்டு.

ஏன் சொல்லவில்லை? இரக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் கை அந்தப் படத்துக்குப் போகும்போது என் உள்ளத்தில் பொங்குகிற சுகத்துக்கு இரக்கம் என்று பெயர் இல்லை. எந்தச் சுற்றில் எந்த அம்பு வெளியே போனது என்று இத்தனை நாள் கழித்து எனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். என்னிடம் நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. பணப்பையில் ஒரு சின்னக் காகிதம், அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் என்ன? ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி, விடிகாலைப் பனியிலிருந்து தப்பித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களோ ஐயாயிரத்து முந்நூறை மூன்றால் பெருக்கி, நூற்றறுபதால் வகுத்து, மூன்று எட்டா, மூன்று ஏழு ஐந்தா என்று மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாருங்கள். சுவருக்கு இடப்பக்கத்து மேசையில் இன்னும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.