பிரிண்டருக்குப் பல் ராவிய நாள்

தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருபத்தாறு வயதுவரை எனக்குக் கிடையாது. எட்டாவது ஃபெயில். அப்படிப்பட்டவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இருக்காது.

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். நாலு வருடமாக டெம்பரரி. பாரூரில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணின் அப்பா ஒரே பேச்சுதான் பேசினார்.

"வேலை பர்மனென்ட்டுன்னு காயிதத்துல வரட்டும். அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்."

காகிதம் வரும் நாளும் வந்தது. பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பன்னிரண்டு பேர். கடைசிப் பெயர் என்னுடையது. பட்டியலை அச்சடித்து நாலு மணிக் காரில் பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதில் போகாத பெயர் அடுத்த வருடம்தான்.

பதினொரு மணிக்குப் பர்சனல் ஆபீசர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

"கம்ப்யூட்டர் ரூம்ல பிரிண்டர் பேப்பரைத் திங்குதுடே. யாராவது பாருங்கலே."

எங்கள் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அது நம்ம வேலை இல்லீங்க சார். பெங்களூர்லருந்து ஆள் வரணும்."

விவரமான மனுசன். அன்றைக்கு எனக்கு அவர் பயந்தாங்கொள்ளியாகத் தெரிந்தார்.

"நான் பாக்கறேன் சார்" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனேன். நாகரத்னா என்கிற கன்னடப் பெண்தான் அங்கே ஆபரேட்டர். என் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணா, இது உங்களுக்குக் கொத்தா?" (தெரியுமா என்று கேட்கிறாள்.)

"எல்லா மெஷினும் ஒண்ணுதாம்மா."

நீளமாக மடித்து மடித்து வரும் காகிதம். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. பிரிண்டரின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பல். பல் ஓட்டையில் மாட்டிக் காகிதத்தை இழுக்கும். இப்போது ஓட்டையெல்லாம் கிழிந்து, காகிதம் உள்ளே கசங்கிக் கிடந்தது.

இரண்டு நிமிடம் பார்த்தேன். நோய் பிடிபட்டது. பல் கூர்மை அதிகம், அதுதான் கிழிக்கிறது. ஷெட்டில் எது மாட்டினாலும் அரம் போட்டு ராவுவோம். சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் பல். சோப்பு மாதிரி கரைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரப்பர் ரோலரும் இறுக்கமாக இருப்பதாகப் பட்டது. எண்ணெய் விட்டேன்.

"அய்யோ, ரப்பருக்கு எண்ணெயா அண்ணா?"

"நீ பட்டனை அமுக்கும்மா."

அமுக்கினாள். கிர்ரென்று சத்தம். காகிதம் சிக்கவில்லை, கிழியவில்லை. ஆபீசர் முகம் மலர்ந்தது.

"கெட்டிக்காரன்லே நீ! எந்த ஊரு?"

"சாமல்பட்டி சார்."

போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி பிரிண்டர் மேல் கை வைத்து நின்றேன். நாகரத்னாதான் முதலில் பார்த்தாள். காகிதம் நகரவே இல்லை. பல் இருந்தால்தானே இழுக்கும்? பன்னிரண்டு பேரும் ஒரே வரியில், ஒருவர் மேல் ஒருவராக அச்சாகிக்கொண்டிருந்தார்கள். அவள் நிறுத்துவதற்குள் அந்த இடத்தில் காகிதமே பொத்துப்போயிற்று.

ஆபீசர் அதை உருவினார். எண்ணெய் சொட்டியது.

"பன்னெண்டு பேரு எங்கடே?"

"அதுலதான் சார் இருக்காங்க."

"உன் பேரு?"

பொத்தலைச் சுற்றியிருந்த கறுப்பு மையை விரலால் காட்டினேன். (பொய் இல்லை. மேலாக இருந்தது நான்தான்.)

ஸ்டோரிலிருந்து பழைய டைப்ரைட்டர் வந்தது. ஆபீசர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நாகரத்னா அடித்தாள். பதினொன்று முடிந்தது. அவள் விரல் காத்திருந்தது. ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"போதும்மா. இவனைப் பர்மனென்ட் ஆக்குனா கம்பெனி பர்மனென்ட்டா இருக்காது."

நாலு மணிக்குக் கார் கேட்டைத் தாண்டியது.

மறுநாள் பெங்களூர் இன்ஜினியர் வந்தார். மழித்த தாடை மாதிரி இருந்த பல் வரிசையைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரு மாடித்து?"

செய்தது யார் என்று கேட்கக் கன்னடம் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன லிவரை அவர் காட்டினார். தூசி துடைத்தவர் யாரோ அதை ஒற்றைத் தாளுக்கான பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். அதனால் ரோலரும் காகிதத்தைப் பிடித்திருக்கிறது, பல்லும் பிடித்திருக்கிறது. கிழியாமல் என்ன செய்யும்? ஒரு விரலால் தள்ளினால் போதும். நான் அரம் எடுத்தவன்.

பாரூருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாமனார் யோசித்தார்.

"ஒரு வருசம்தானே. பொண்ணு எங்கியும் ஓடிடாது."

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் கேட்டாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"நீங்க ராவினப்புறம் பேப்பர் சிக்கலையா?"

"சிக்கலை."

"ஓடுச்சா?"

நான் காப்பியைக் குடித்தேன்.

அடுத்த வருடம் காகிதம் வந்தது, கல்யாணமும் நடந்தது. பத்திரிகை அடிக்கும் வேலையை மாமனாரே எடுத்துக்கொண்டார். ஊரில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போடுவார்கள். என்னிடம் அது இல்லை. அவர் அடைப்புக்குறிக்குள் 'பர்மனென்ட்' என்று போட்டார்.

அந்தப் பத்திரிகை இன்னும் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி எடுத்து நீட்டுவாள்.

"பாருங்க, இந்த ஒரு வார்த்தைக்கோசரம் நான் ஒரு வருசம் குந்தியிருந்தேன்."

ஏன் என்று வந்தவர்கள் கேட்பார்கள். நான் எழுந்து தண்ணீர் மோட்டார் போடப் போய்விடுவேன். தொட்டி நிரம்பி வழிந்தாலும் கதை முடியும்வரை உள்ளே வருவதில்லை.